சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் கற்றல் குழு நடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். நகரப் பள்ளிப் பிள்ளைகளும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பிள்ளைகளும் போன் வழியாகச் சேர்ந்து படிக்கும் குழுக்களை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். புதிதாகத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்விகள் இவை.

வகுப்புதான் நடக்கிறதே, தனியாக ஒரு குழு எதற்கு?

வகுப்பில் கேள்வியும் பதிலும் ஆசிரியர் வழியாகத்தான் போய் வருகின்றன. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாய் திறக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. குழுவில் ஒரு பிள்ளை கேட்பதற்கு இன்னொரு பிள்ளை பதில் சொல்கிறது. பதில் சொல்ல வேண்டுமே என்று பாடத்தைத் திரும்பப் படிக்கிறது. தனக்கு எந்த இடம் புரியவில்லை என்பது அப்போதுதான் அதற்கே தெரிகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே இதை நம்பித்தான்: பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் குழு உயிரோடு இருக்கிறது. ஆசிரியர் மட்டும் பேசினால், எத்தனை பேர் சேர்ந்திருந்தாலும் குழு இன்னும் பிறக்கவில்லை.

கனடாவைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார்கள். கணினி வழியாகச் சேர்ந்து படிப்பது நன்றாக நடக்க மூன்று வேண்டும் என்றார்கள். சேர்ந்து யோசிக்க வேண்டும். ஒருவரையொருவர் ஆளாக அறிந்து பழக வேண்டும். போக்கைத் திட்டமிட்டு நடத்த ஒருவர் இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவது நடுவில் உள்ளது. மலையிலுள்ள நாகலூர்ப் பிள்ளைக்கு நகரத்து அம்மாப்பேட்டைப் பிள்ளை யாரென்றே தெரியாது. தெரியாத ஆள் முன்னால் 'எனக்குப் புரியவில்லை' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. அதனால் முதல் வாரம் முழுவதும் பாடமே வேண்டாம். வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரிகிறது, காலையில் என்ன சாப்பிட்டோம், பள்ளிக்கு எப்படிப் போகிறோம் என்று பேசட்டும். அந்த வாரம் வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். பின்னால் வரும் எல்லா வாரங்களும் அதன்மேல்தான் நிற்கின்றன.

வகுப்புக்கு ஏற்கெனவே வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. அது போதாதா?

அதில் கடைசியாக வந்த இருபது செய்திகளைப் பாருங்கள். வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, 'ஓகே சார்', கும்பிடும் கை. அது அறிவிப்புப் பலகை. அதுவும் தேவைதான், அப்படியே இருக்கட்டும். படிப்பதற்கு வேறு குரூப் தொடங்குங்கள், அதில் அறிவிப்பு எதையும் போடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பிள்ளை கேட்ட கேள்வி நாளைய சீருடை அறிவிப்புக்குக் கீழே புதைந்துபோகும்.

இருபது முதல் முப்பது பேர் போதும். ஆயிரம் பேரைச் சேர்க்க ஆப் இடம் கொடுக்கும். ஆனால் ஆயிரம் பேர் முன்னால் கூச்சமுள்ள பிள்ளை பேசாது.

சரி, எதைப் பற்றிப் பேச வைப்பது? 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று போட்டால் யாருமே கேட்பதில்லையே?

கேட்கமாட்டார்கள். ஒருவரால் மட்டும் விடை காண முடியாத கேள்வி வேண்டும். அப்படிப்பட்ட கேள்வி நம் மாவட்டத்தில் காலடியிலேயே கிடக்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1200 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். இப்படி ஓர் ஆய்வுக்கூடம் எத்தனை மாவட்டங்களுக்குக் கிடைக்கும்?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: 'மலையில் பருப்பு வேக ஏன் அதிக நேரம் ஆகிறது?' விடையை யாரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலைமானியில் பார்க்கிறார்கள். கீழே 99 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். மேலே 95-க்குப் பக்கத்தில் வரும். இரண்டு படங்களும் குழுவுக்கு வந்ததும் தகராறு தொடங்கும். 'உங்கள் வெப்பநிலைமானி சரியில்லை' என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். அது நல்ல சந்தேகம். இரண்டு கருவிகளையும் ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மலைக்குப் போகும் யார் கையிலாவது ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்வார்கள். அப்புறம்தான் காற்றழுத்தம் பேச்சில் வரும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது; தண்ணீர் கொதிக்க அவ்வளவு சூடு தேவைப்படுவதில்லை; ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. குறைந்த சூட்டில் கொதிக்கும் தண்ணீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். 'அப்படியானால் குக்கரில் மட்டும் எப்படிச் சீக்கிரம் வேகிறது?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடுகிறது, கொதிநிலை 100-ஐத் தாண்டிப் போகிறது என்று இன்னொரு பிள்ளை எழுதும். இதில் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு? மிகக் கொஞ்சம்.

இந்த வேலையில் தொழில்நுட்பத்தின் பங்கு என்ன என்று பாருங்கள். மலைப்பள்ளிக்கும் நகரப் பள்ளிக்கும் நடுவே இருக்கும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தை அது அழிக்கிறது, அவ்வளவுதான். கேள்வியைப் பிறக்க வைப்பது மலையும் பருப்பும்.

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகள் ஒன்று சேர்க்கப்பட்ட நேரம் அது. பிள்ளைகளுக்குள் பகை இருந்தது. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவரிடம் கேட்காமல் முழுப் பாடமும் யாருக்கும் தெரியாது என்ற நிலை வந்தது. ஒருவரையொருவர் மதிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மலை–நகரக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. எடுக்கும் அளவுகளில் பாதி மேலே, பாதி கீழே, சேர்ந்தால்தான் விடை. மலைப் பிள்ளைகள் உதவி வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்பதில்லை. தங்களிடம் மட்டுமே இருப்பதைக் கொடுக்கிறார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

வேறு தலைப்புகள்?

ஒரே நாளில் காலை எட்டு மணிக்கு மேலேயும் கீழேயும் காற்றின் வெப்பநிலை. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கணக்கு சொல்கிறது; அப்படிப் பார்த்தால் எட்டு டிகிரி வித்தியாசம் வர வேண்டும். சில நாள் வராது. ஏன் என்று தேடும்போது மேகமும் மூடுபனியும் பாடமாகும்.

குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எப்படி வருகிறது என்பது ஆத்தூர்ப் பக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். மாவுச்சத்து எப்படித் தண்ணீரில் அடியில் படிகிறது என்று அவர்கள் சொல்லட்டும், அயோடின் விட்டால் நீலக் கறுப்பாக மாறுவதை மற்றவர்கள் செய்து காட்டட்டும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளியின் தூய்மையை 'டச்' கணக்கில், அதாவது நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்று, சொல்வார்கள். சதவீதம் நடத்த அதைவிட நல்ல இடம் இல்லை. காப்பிப் பழத்தைத் தோல் நீக்கி ஏன் ஊற வைக்கிறார்கள், மிளகுக் கொடி ஏன் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றப்படுகிறது என்பதெல்லாம் மலைப் பிள்ளைகள் சொல்ல வேண்டியவை. மலையாளிப் பழங்குடி வீடுகளில் தாத்தா பாட்டியிடம் சாமை, தினை, கேழ்வரகு விதைப்பைப் பற்றிக் கேட்டு ஒலிப்பதிவு செய்து போடலாம். பெரியவர்களின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான்.

மலையில் டவரே கிடைப்பதில்லை. பிறகு எப்படி?

ஒரு மேட்டில் கிடைக்கும், சரிவில் இறங்கினால் போய்விடும். செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் குழுவை நேரலை இல்லாமலே நடக்கும்படி அமையுங்கள். கேள்வி திங்கட்கிழமை வரும், பதிலுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் பேசிப் பதிவு செய்த வாய்ஸ் மெசேஜ், சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். வீடியோவைத் தவிருங்கள். ஒரு படமும் அரை நிமிடப் பேச்சும் போதும்.

படிப்பதற்கான பொருளை இணையம் இல்லாமலே பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரு பழைய மடிக்கணினியில் அடங்கும். கோலிப்ரி என்று இன்னொன்று: பள்ளியில் ஒரே ஒரு கணினியில் பாடங்களை ஏற்றிவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றக் கருவிகள் இணையம் இல்லாமலே அதைத் திறக்கலாம். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடுகள் வழியாக வரும் அரசின் திக்ஷா தளத்துப் பாடங்களையும் சேலத்துக்கு இறங்கும்போது இறக்கிக்கொண்டு போகலாம். எங்கள் மலை ஆசிரியர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

வீட்டில் ஒரே போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறாரே?

இது டவரைவிடப் பெரிய பிரச்சினை, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மா அப்பா இருவருமே இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். போன் கைக்கு வரும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும்.

தனிப் பிள்ளையைச் சேர்க்காமல், தெருவுக்கோ ஊருக்கோ நாலைந்து பேர் கொண்ட சிறு அணியாகச் சேருங்கள். அணிக்கு ஒரு போன். அது ஒரு அக்காவுடையதாக இருக்கலாம், தன்னார்வலருடையதாக இருக்கலாம். 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே உட்கார வைத்தது. அந்தப் பழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதில் வேலை செய்த தன்னார்வலர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். அணியாக உட்கார்ந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. போனில் போடுவதற்கு முன்பே பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடி முடித்திருப்பார்கள். உண்மையில் படிப்பு நடப்பது அந்தத் திண்ணையில்தான்.

ஜூம், கூகுள் மீட் போன்ற நேரலைக் கூட்டம் வைக்க வேண்டாமா?

மாதம் ஒரு முறை வைக்கலாம், முகம் பார்த்துச் சிரிப்பதற்கு. பாடம் நடத்த வேண்டாம்.

சிலர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் படிப்பதோடு சரி. அவர்களை நீக்கிவிடலாமா?

தயவுசெய்து நீக்காதீர்கள். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல் பழகும் பையன்களைக் கவனித்தார். அவர்கள் முதலில் கற்றது பொத்தான் வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும். அப்புறம் துண்டுகளை இணைப்பது. துணியை வெட்டுவது கடைசியில்தான். உடை உருவாகும் வரிசைக்கு நேர் எதிர் வரிசை. தொடக்கத்தில் செய்த பிழை துணியை வீணாக்காது. அதோடு முழு உடை எப்படி இருக்கும் என்று முதல் நாளிலிருந்தே பையன் பார்த்துக்கொண்டிருப்பான். 1991-இல் லேவும் எட்டியென் வெங்கரும் சேர்ந்து, கற்பவர் ஓரத்தில் நின்று தொடங்கி மெல்ல நடுவுக்கு வருகிறார் என்று விளக்கினார்கள். ஓரத்தில் நிற்பதும் குழுவில் ஒருவராக இருப்பதுதான்.

ஆகவே பேசாத பிள்ளைக்கு ஒரு பொத்தான் வேலை கொடுங்கள். வாரக் கடைசியில் எல்லா அளவுகளையும் ஒரு அட்டவணையில் எழுதிப் படமெடுத்துப் போடுவது, வந்த கேள்விகளைத் தொகுப்பது, வரைபடம் வரைவது. இந்த வேலைக்குப் பேச்சு வேண்டாம், ஆனால் எல்லாரும் சொன்னதைக் கவனமாகப் படித்தாக வேண்டும். சில வாரத்தில் அதே பிள்ளை, 'புதன்கிழமை அளவு ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்கும். அங்கிருந்து அதை நிறுத்த முடியாது.

ஒரு பிள்ளை தவறான பதிலைப் போட்டால் உடனே திருத்த வேண்டாமா?

ஒரு நாள் பொறுங்கள். ஆசிரியர் உடனே திருத்தினால் அடுத்தவர் யாரும் பேசமாட்டார்கள். 'இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். மறுநாளும் யாரும் திருத்தவில்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பதிலில் சரியாக இருந்த பகுதியை முதலில் குறிப்பிட்டு. அமிலம், மின்சாரம், மருந்து, காட்டுக் காளான் போன்ற ஆபத்தான விஷயமென்றால் ஒரு நிமிடமும் பொறுக்க வேண்டாம்.

கேலி வேறு. ஒரு பிள்ளையின் பேச்சு வழக்கையோ ஊரையோ சாதியையோ பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றே பேசி முடிக்க வேண்டும், நீக்க வேண்டியிருந்தால் நீக்க வேண்டும். மலைப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு நகரப் பிள்ளை சிரிப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். அந்த மலைப் பிள்ளை திரும்ப வாயே திறக்காது.

பெண் பிள்ளைகளின் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறதே?

நியாயமான பயம். வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் எண்ணை மற்றவர்கள் பார்க்க முடியும். அணிக்கு ஒரு போன் என்ற முறை இங்கேயும் கைகொடுக்கிறது. பெரியவர் ஒருவரின் எண் மட்டுமே குழுவில் இருக்கும். வாட்ஸ்ஆப் வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13 என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் ஒரே வழி.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. எழுத்தில் வாங்கி வையுங்கள். அட்மின் இருவர், அதில் ஒருவர் ஆசிரியை. ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, கேள்வி எல்லாம் குழுவிலேயே. முகம் தெரியும் படம் வேண்டாம், கையும் கருவியும் தெரிந்தால் போதும். ஏதாவது தவறாக நடந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் என்று பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்களே?

அடிக்கட்டும். பேசினால் தமிழில் எழுதிக்கொடுக்கும் வசதி போன் விசைப்பலகையிலேயே இருக்கிறது என்று ஒரு முறை காட்டிக்கொடுங்கள், பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

மூடில், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற இணைய வகுப்புத் தளங்களுக்குப் போகலாமா?

கல்லூரியில் போகலாம். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பு வந்த மூடில், பழைய உரையாடல்களைத் தலைப்பு வாரியாகத் தேடி எடுக்க நல்ல கருவி, இலவசமும்கூட. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஒருவர் வேண்டும். பள்ளிக் குழுவுக்கு, அம்மா அப்பா கையில் ஏற்கெனவே இருக்கும் ஆப்தான் நல்ல ஆப்.

ஏஐ-யிடம் கேட்டால் உடனே பதில் வருகிறது. இனி குழு எதற்கு?

பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள், தடுக்க முடியாது. ஏற்காட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேட்டால் அது ஓர் எண் சொல்லும். 'அது சொன்னதையும் நம் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்' என்று சொல்லுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது, யார் சரி என்று குழு விவாதிக்கட்டும். அது உறுதியான குரலில் தவறும் சொல்லும் என்பதை இப்படித்தான் பிள்ளைகள் தெரிந்துகொள்ள முடியும். ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டினால் மட்டும் ஏற்காதீர்கள். வாய்ஸ் மெசேஜாகச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் இப்படி ஒரு குழு வேண்டுமா?

பிள்ளைகளுக்கு முன்பே வேண்டும். மலையில் ஓரிரு ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு, இன்று நடத்திய பாடம் சரியாக வரவில்லை என்று சொல்ல ஆளில்லை. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மற்றவர்களைப் பார்ப்பதோடு சரி. பாடம் வாரியாக எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு அமைத்து, வாரம் ஒருவர் தன் வகுப்பில் பிள்ளைகள் எழுதிய ஒரு விடைத்தாளைப் பெயரை மறைத்துப் போடட்டும். இந்தப் பிள்ளை ஏன் இப்படி நினைத்தது என்று மற்றவர்கள் யோசிக்கட்டும். அதிகாரிகளை அந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். மேலதிகாரி பார்க்கிறார் என்றால் 'எனக்கு இது வரவில்லை' என்று எந்த ஆசிரியரும் எழுதமாட்டார்.

குழு பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதக் கடைசியில் குழுவை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். ஆசிரியர் போட்ட செய்தி எத்தனை, பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொன்ன பதில் எத்தனை என்று எண்ணுங்கள். முதல் மாதம் உங்கள் பங்குதான் அதிகமாக இருக்கும். மூன்றாவது மாதமும் அப்படியே இருந்தால் கேள்வியை மாற்றுங்கள், நீங்கள் பேசுவதைக் குறையுங்கள். யார் பெயர் ஒரு முறைகூட வரவில்லை என்றும் பாருங்கள். பரீட்சை மதிப்பெண் உயர்ந்ததா என்று ஒரே பருவத்தில் தேடாதீர்கள்.

செலவு?

கருவிகள் பெரும்பாலும் பள்ளியிலேயே இருக்கின்றன. அணிப் போனுக்கு ரீசார்ஜ் தேவைப்படும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாக வையுங்கள். ஆசிரியர் தன் கைக்காசைப் போட்டே நடத்தும் குழு, அவருக்கு மாறுதல் வந்த அன்றோடு நின்றுவிடும்.

குழுவை எப்போது மூடலாம்?

கேள்விக்கு விடை கிடைத்ததும். ஒரு கேள்விக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். பொதுத்தேர்வு நேரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டாம். மூடுவதற்கு முன் பிள்ளைகளின் அட்டவணை, வரைபடம், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பள்ளிக் கணினியில் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். முடிந்தால் இரு பள்ளிப் பிள்ளைகளும் ஒரு நாள் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியை அங்கே பார்க்கலாம். அடுத்த குழுவுக்கான கேள்வியை அன்றைக்குப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.